மங்கிப்போன ஹெட் லைட்: தேய்க்கும் முன் எங்கே கோளாறு என்று பாருங்கள்

ஹெட் லைட் மஞ்சளாகிவிட்டால் எல்லாருடைய கையும் முதலில் போவது பற்பசைக்குத்தான். கொஞ்சம் பொறுங்கள். மங்கல் லென்ஸின் வெளிப்பக்கத்தில் இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா, இல்லை லென்ஸ் நன்றாக இருந்து பல்பிலோ, வெளிச்சத்தை முன்னால் திருப்பும் ரிஃப்ளெக்டரிலோ கோளாறா என்று தெரியாமல் தேய்க்க ஆரம்பித்தால் அரை நாளும் போய், கைவலியும் மிஞ்சும்.

மலையகத்தில் இந்தத் தொல்லை சீக்கிரமாகவே வரும். குளிர் ஊர்தானே, வெயில் என்ன செய்துவிடும் என்று நினைப்போம். லென்ஸைக் கெடுப்பது சூடு அல்ல, புற ஊதாக் கதிர். ஒவ்வொரு 1000 மீற்றர் உயரத்துக்கும் அது சுமார் 10 வீதம் கூடும். நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீற்றரில் இருக்கிறது, நாமோ பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மேகம் மூடியிருந்தாலும் ஒரு பங்கு கீழே வந்துகொண்டுதான் இருக்கும். வண்டிகளும் பழசாகிவிட்டன. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடையில் இருந்த வண்டியையே எல்லாரும் ஓட்டினோம்.

மங்கிய லென்ஸால் வெளிச்சம் குறைவது பாதிப் பிரச்சினைதான். கீழே விழவேண்டிய வெளிச்சம் நாலா பக்கமும் சிதறிப் போகிறது. றம்பொடை ஏற்றத்திலோ ஹப்புத்தளைப் பக்கமோ பனிமூட்டம் இறங்கும்போது, மேலே சிதறிய அந்த வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். முன்னால் ஒரே வெள்ளைச் சுவர். எதிரே வருகிறவருக்கும் கண் கூசும். லோ பீமில் இருந்தாலும் 'டிம் பண்ணு' என்று அவர் லைட் அடித்துக் காட்டுகிறார் என்றால் லென்ஸைப் பாருங்கள்.

முதல் பரிசோதனைக்கு ஒரு குவளைத் தண்ணீர் போதும். சவர்க்காரம் போட்டு லென்ஸைக் கழுவித் துடைத்துக் காயவிட்டு, அதன்மேல் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள்.

தண்ணீர் பட்டதும் தெளிகிறது, காய்ந்ததும் மங்குகிறது

நல்ல செய்தி. கோளாறு வெளிப்பக்கத்தில்தான். லென்ஸ் பொலிகாபனேட் என்ற பிளாஸ்டிக். அது அடிபட்டாலும் சுலபத்தில் உடையாது, ஆனால் வெயிலைத் தாங்காது. அதனால் கம்பனியிலேயே மேலே ஒரு கடினமான பாதுகாப்புப் பூச்சு போட்டு அனுப்புகிறார்கள். வருடக்கணக்கான வெயிலில் அந்தப் பூச்சு தேய்ந்து நுண்ணிய குழிகள் விழுகின்றன, அடியில் உள்ள பிளாஸ்டிக்கும் மஞ்சளாகிறது. தண்ணீர் அந்தக் குழிகளை நிரப்பும் நேரம் மட்டும் லென்ஸ் தெளிவாகத் தெரிகிறது.

தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் தடவிப் பளபளப்பாக்கும் வித்தையும் இதே கணக்குதான். எண்ணெய் குழியை நிரப்புகிறது, ஒரு மழை பெய்தால் கழன்று போகிறது. வண்டியை விற்கப்போகிற அன்று காலையில் சிலர் இதைச் செய்வார்கள். வாங்கப் போகிறவர்கள் லென்ஸை ஒரு தடவை சவர்க்காரத் தண்ணீரில் கழுவச் சொல்லிப் பாருங்கள்.

பற்பசை ஒரு மெல்லிய தேய்ப்புப் பொருள். மேல் மங்கலைக் கொஞ்சம் எடுக்கும், அதில் பொய் இல்லை. ஆனால் மிச்சமிருக்கும் பூச்சையும் சேர்த்துத் தேய்க்கிறது, பதிலுக்கு எதையும் போடுவதில்லை. சில வாரங்களில் முன்பைவிட மோசமாகத் திரும்பி வரும். பூச்சு இன்னும் உயிரோடு இருக்கிற, இலேசாக மட்டும் மங்கிய லென்ஸுக்கு, கராஜில் கட் அண்ட் பொலிஷுக்குப் பாவிக்கும் பேஸ்ட்டைத் துணியில் எடுத்துத் தேய்த்து, அதன்மேல் வெக்ஸ் பூசினால் போதும். அதற்கு மேல் போன லென்ஸுக்குத் தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், அதாவது வோட்டர் பேப்பர்தான் வழி.

பூச்சு உரிந்து திட்டுத்திட்டாக நிற்கிறது

லென்ஸை விரலால் தடவினால் ஒரு விளிம்பு தட்டுப்படும். சில இடம் தெளிவு, சில இடம் மஞ்சள், நடுவில் உரிந்த ஓரம். இந்த நிலையில் பொலிஷ் போடுவது வீண். பழைய பூச்சை முழுவதும் எடுத்தாக வேண்டும்.

தேவையானவை: 600, 1000, 1500 இலக்க வோட்டர் பேப்பர் (இலக்கம் கூடக் கூடப் பேப்பர் மென்மையாகும்), மாஸ்கிங் டேப், ஒரு வாளித் தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் சில துளி. பூச்சு ரொம்பத் தடிப்பாக நின்றால் மட்டும் 400. பேப்பரைத் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவையுங்கள். லென்ஸைச் சுற்றி பொனட் விளிம்பு, பம்பர், மட்காட் எல்லாவற்றிலும் டேப்பை இரண்டு மூன்று அடுக்கு ஒட்டுங்கள். ஒரு அடுக்கு போதும் என்று விட்டால் 600 பேப்பர் அதைக் கிழித்துக்கொண்டு பெயிண்டுக்குப் போய்விடும்.

600ஐ இடமிருந்து வலமாக, நேர்கோட்டில் தேயுங்கள். வட்டமாகத் தேய்க்க வேண்டாம். தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இப்போது வழிகிற தண்ணீரைக் கவனியுங்கள். முதலில் மஞ்சளாக ஒழுகும். கொஞ்ச நேரத்தில் வெள்ளையாக மாறும். அந்த இடத்தில் கெட்ட பூச்சு போய் நல்ல பிளாஸ்டிக்கைத் தொட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். ஆனால் லென்ஸ் முழுக்க ஒரே நேரத்தில் மாறாது. நடுவில் சீக்கிரம் போகும், மேல் விளிம்பிலும் மூலைகளிலும் பூச்சு வரைபடத்துத் தீவுகளாக ஒட்டிக்கொண்டு நிற்கும். துடைத்துக் காயவைத்துப் பார்த்தால்தான் அது தெரியும், ஈரத்தில் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஒரு தீவையும் விடாதீர்கள். விட்டால் கடைசியில் மேலே அடிக்கும் கிளியர் (நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு) அந்த ஓரத்திலிருந்துதான் முதலில் உரியும்.

லென்ஸ் முழுவதும் ஒரே சீராக, உறைந்த வெள்ளையில் வந்த பிறகு 1000க்குப் போகலாம். இதை மேலிருந்து கீழாகத் தேயுங்கள். முந்தைய பேப்பரின் குறுக்குக் கோடுகள் முழுதும் மறையும்வரை தேய்த்தால் போதும், எண்ணிக்கை பார்க்கத் தேவையில்லை. அப்புறம் 1500, மறுபடி இடமிருந்து வலம். ஒவ்வொரு பேப்பருக்கும் இடையில் வாளித் தண்ணீரை மாற்றுங்கள். 600இன் ஒரு மணல் துணுக்கு 1500இன் கீழே மாட்டினால் மொத்த வேலையும் திரும்ப.

கிளியர் ஸ்பிரே அடிப்பதாக இருந்தால் 1500இல் நிறுத்துங்கள். லென்ஸ் இன்னும் மங்கலாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். கிளியர் விழுந்ததும் தெளிந்துவிடும். அந்த இலேசான சொரசொரப்பு இருந்தால்தான் கிளியர் பிடிக்கும். கிளியர் இல்லாமல் துணியால் பூசும் சீலன்ட் அல்லது வெக்ஸ் என்றால் 2000, 3000 வரை போய், பேஸ்ட் போட்டுப் பளபளப்பாக்க வேண்டும்.

தேய்த்து முடித்த பிறகும் கோடு தெரிகிறது

ஒரு இலக்கத்தைத் தாண்டிப் போயிருக்கிறீர்கள், அல்லது ஒன்றில் போதுமான நேரம் நிற்கவில்லை. 600இலிருந்து நேராக 2000க்குப் போனால் இதுதான் நடக்கும். கோடு எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையில் தேய்த்த பேப்பருக்கு அடுத்த இலக்கத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். பொழுது சாயும் நேரத்தில் ஒரு டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், பகலில் கண்ணுக்குப் படாத கோடெல்லாம் எழுந்து நிற்கும். கிளியர் அடிப்பதற்கு முந்தின நாள் மாலை இதைப் பார்த்துவிடுவது நல்லது.

கிளியர் அடித்ததும் வெள்ளை படிந்துவிட்டது

மலையகத்தில் இந்த வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். காரணம் ஸ்பிரேயின் தரமோ கையோ அல்ல, காற்றின் ஈரம். கிளியரில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது லென்ஸின் மேற்பரப்பு குளிர்கிறது. சுற்றிலும் ஈரக்காற்று இருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நீர் படிந்து கிளியருக்குள் சிக்கிக்கொள்கிறது. கொழும்பில் ஒருவர் வீட்டு முற்றத்தில் அடித்த அதே டின்னை நுவரெலியாவில் மாலை மூன்று மணிக்கு அடித்தால் வெள்ளை விழும்.

ஆகவே நாள் பார்க்க வேண்டும். பஞ்சாங்கம் அல்ல, பருவம். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. வட்டவளை இலங்கையிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. அந்த மாதங்களில் இந்த வேலையை நினைக்கவே வேண்டாம். அங்கே ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை உகந்தது. பண்டாரவளை, வெலிமடை, பதுளைப் பக்கம் கணக்கு தலைகீழ். அவர்களுக்கு மழை ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. ஹட்டனில் தார்ப்பாய் மூடிக் கிடக்கும் ஜூன், ஜூலையில் அங்கே நல்ல காய்ச்சல். உறவுக்காரர் அந்தப் பக்கம் இருந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடுவது வீண் செலவல்ல.

நல்ல மாதத்திலும் நேரம் முக்கியம். காலையில் காரும் லென்ஸும் சில்லென்று இருக்கும், நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனியே விழுவதுண்டு. மதியத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கும். மிஞ்சுவது காலை பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் இடைப்பட்ட நேரம்தான். வண்டியை முதலில் வெயிலில் நிறுத்தி, லென்ஸைப் புறங்கையால் தொட்டால் இளஞ்சூடு தெரியும்வரை விடுங்கள். வெயில் இல்லையென்றால் ஹெயார் ட்ரையர். ஸ்பிரே டின்னைக் கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து எடுத்தால் தூறல் மெல்லியதாக விழும். கொதிநீரிலோ அடுப்புப் பக்கத்திலோ வைக்கக் கூடாது, டின் வெடிக்கும்.

அடிக்கும் முன் லென்ஸை ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் துடையுங்கள். பாமசியில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் கொடுத்தால் லேபலைப் பாருங்கள், சில வகைகளில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும். அந்த எண்ணெய்மேல் கிளியர் பிடிக்காது. துடைத்த பிறகு லென்ஸைக் கையால் தொடாதீர்கள். டின்னை இரண்டு நிமிடம் குலுக்கி, 20 முதல் 25 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்து, லென்ஸுக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி இழுத்து அடியுங்கள். முதல் கோட் வெறும் தூறலாக விழட்டும். பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு இரண்டாவது, அதேபோல மூன்றாவது. முதல் கோட்டிலேயே பளபளப்பைப் பார்க்க ஆசைப்பட்டால் வழிந்து கோடு விழும்.

ஏற்கெனவே வெள்ளை படிந்துவிட்டதா? உடனே சுரண்ட வேண்டாம். ஹெயார் ட்ரையரைக் குறைந்த சூட்டில், தள்ளிப் பிடித்துக் காட்டுங்கள். இலேசான படிவு என்றால் ஈரம் வெளியேறித் தெளிந்துவிடலாம். தெளியவில்லையென்றால் முழுவதும் காயவிட்டு, 1500ஆல் நீர் விட்டுத் தேய்த்து, இன்னொரு நல்ல நாளில் மறுபடி அடியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஹார்ட்னர் (பூச்சை இறுக வைக்கும் திரவம்) கலந்து அடிக்கும் இரட்டைக் கலவைக் கிளியர்தான் அதிக நாள் நிற்கும், உண்மைதான். ஆனால் அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. சாதாரண துணி மாஸ்க் அதைத் தடுக்காது, நுரையீரலுக்குக் கேடு. அதை வீட்டு வாசலில் அடிக்காதீர்கள். லென்ஸை நீங்களே தேய்த்துத் தயார்செய்து, கிளியரை மட்டும் டிங்கரிங் கடையில் அடிக்கக் கொடுக்கலாம். தேய்ப்புதான் நேரம் தின்னும் வேலை, அது முடிந்திருந்தால் கூலி குறைத்துப் பேசலாம்.

சில மாதத்தில் மறுபடி மஞ்சள்

மேலே புற ஊதாத் தடுப்பு எதுவும் போடாமல் விட்டால் இப்படித்தான். தேய்த்த லென்ஸ், பூச்சே இல்லாத வெற்றுப் பிளாஸ்டிக். வாங்கும் கிளியர் டின்னில் புற ஊதாத் தடுப்பு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், சாதாரண மர வார்னிஷோ தளபாடக் கிளியரோ வேண்டாம். வெக்ஸ் மட்டும் போட்டவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை திரும்பப் பூச வேண்டும். மழைக்காலத்தில் இன்னும் சீக்கிரமாக.

உள்ளே நீர்த்துளி

தண்ணீர் ஊற்றியும் தெளியவில்லை, மங்கல் உட்புறம் தெரிகிறது. வெளியே எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை. இலேசான ஆவி படிந்து, லைட்டைப் போட்டு ஓடிய கொஞ்ச நேரத்தில் மறைந்தால் அது நோயே அல்ல. ஹெட் லைட் காற்றுப்புகாத பெட்டி அல்ல, பின்னால் மூச்சு விட ஓட்டைகள் உண்டு. பகல் வெயிலில் சூடாகி இரவில் குளிரும் நம் ஊரில் காலையில் ஆவி படிவது இயல்பு.

துளி துளியாக வழிந்தாலோ அடியில் தண்ணீர் தேங்கி நின்றாலோதான் கோளாறு. பொனட்டைத் திறந்து பின்பக்கம் பாருங்கள். அநேகமாகக் காரணம் கண் முன்னாலேயே இருக்கும்: விசிறி வைத்த எல்ஈடி பல்பு போட்டபோது பின்மூடி பொருந்தாமல், அதைக் கழற்றி எறிந்துவிட்டிருப்பார்கள். அந்த ஓட்டை வழியே மழை, தூசு, சேறு எல்லாம் உள்ளே போகும். மூடி இருந்தால் அதன் ரப்பர் வெடித்திருக்கிறதா பாருங்கள். மூச்சுக்குழாய் கீழ்நோக்கி வளைந்த சின்ன ரப்பர் குழாயாக இருக்கும், சேறோ சிலந்திக்கூடோ அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். சிலர் தண்ணீர் வருகிறது என்று சிலிக்கோனால் எல்லா ஓட்டையையும் அடைப்பார்கள். அப்புறம் உள்ளே போன ஈரம் வெளியே வரவே வழியில்லை.

உள்ளே காய்வதற்குப் பின்மூடியைத் திறந்து வெயிலில் வைத்தால் போதும். லென்ஸைப் பெட்டியிலிருந்து பிரிப்பதற்கு ஓவனில் சூடாக்கும் காணொளிகளைப் பார்த்துச் சமையலறையில் இறங்காதீர்கள்.

பிளாஸ்டிக்குக்குள் நூல்நூலாக வெடிப்பு

வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மின்னும் மெல்லிய வெடிப்புகள். அவை பூச்சில் மட்டும் இருந்தால் 600இல் போய்விடும். பிளாஸ்டிக்கின் ஆழத்தில் இருந்தால் போகாது. தின்னர், அசிட்டோன், பெற்றோல் போட்டுத் துடைத்த லென்ஸில் இதை அதிகம் காணலாம். பொலிகாபனேட்டுக்கு இவை ஆகாது. துடைத்த உடனே பளபளக்கும், மேற்பரப்பு உருகியதால் வந்த பளபளப்பு அது.

இந்த லென்ஸுக்கு மாற்றுதான். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பாவித்த ஹெட் லைட் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஜப்பானும் நம்மைப்போல இடப்பக்கம் ஓட்டும் நாடு, அதனால் ஜப்பான் வண்டியின் லைட் நமக்குப் பொருந்தும். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்குச் செய்த லைட் வண்டியில் அச்சாக உட்கார்ந்தாலும், அதன் வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணைப் பார்த்து எழும்பும்.

லென்ஸ் தெளிவு, வெளிச்சம் மட்டும் இல்லை

"அண்ணே, லைட்டைப் பாலிஷ் பண்ணியாச்சு, பல்பும் புதுசு, ஆனாலும் நானுஓயா ரோட்டுல ஒண்ணும் தெரியல" என்று ஒரு வேன்காரத் தம்பி கேட்டான். டாஷ்போர்டில் லைட்டை ஏற்றி இறக்கும் சின்னச் சக்கரத்தைப் பார்த்தேன். 3இல் கிடந்தது. பின்னால் பாரம் ஏற்றினால்தான் அந்த எண், வெறும் வண்டிக்கு 0. எத்தனையோ வண்டிகளில் ஆளுக்காள் கைபட்டு அது கீழே போயிருக்கும். காசில்லாத பரிசோதனை, முதலில் இதைச் செய்யுங்கள்.

அடுத்து வோல்ட். ஹலோஜன் பல்பில் வோல்ட் 10 வீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 வீதம் குறையும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியிலும் பல்பு சொக்கெட்டிலும் மல்டிமீற்றர் வைத்துப் பாருங்கள். இடையில் ஒரு வோல்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எர்த் வயரைக் கழற்றித் துரு சுரண்டி இறுக்குங்கள்.

கடைசியாக ரிஃப்ளெக்டர். லென்ஸ் வழியே உள்ளே பாருங்கள். பல்புக்கு மேலே பழுப்பாகக் கருகியிருந்தால் யாரோ 60/55 வொட்டுக்குப் பதிலாக 100/90 போட்டு ஓடியிருக்கிறார்கள். அந்த வெள்ளிப் பூச்சு மிக மெல்லிய அலுமினியப் படலம், துணி பட்டாலே கையோடு வரும். தேய்த்துச் சரிசெய்ய வழியில்லை, ஹெட் லைட்டையே மாற்ற வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் மஞ்சள்

ஒன்று, விபத்தில் ஒரு பக்க லைட் மாற்றப்பட்டிருக்கும். வண்டி வாங்கும்போது கேட்கவேண்டிய கேள்வி அது. இல்லையென்றால் நீங்கள் நிறுத்தும் இடம். தினமும் ஒரே திசையில் நிறுத்தினால் வெயில் படும் பக்கம் முந்தும். முகப்பைச் சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்துங்கள், அல்லது ஒரு பழைய சாக்கை முன்னால் தொங்கவிடுங்கள். சரிசெய்யும்போது மட்டும் ஒரு பக்கத்தோடு நிறுத்தாமல் இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள். கிளியர் டின்னில் எப்படியும் மிச்சம் இருக்கும்.